பறிமுதலான வைன் பெட்டிகள்: உரிமைகோர 9 நாட்களே இருக்கின்றன

லண்டனில் கடை நடத்தும் உறவுகளே, உங்கள் அனுபவம் தேவை. என் சித்தப்பாவின் கடையிலிருந்து 40 பெட்டி வைனை அதிகாரிகள் பறிமுதல் செய்துவிட்டார்கள். கலால் வரி கட்டிய சான்று இல்லையாம்.

1979ஆம் ஆண்டுச் சுங்க, கலால் நிர்வாகச் சட்டப்படி, பறிமுதல் அறிவிப்பின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள், 'இந்தச் சரக்கு பறிமுதலுக்கு உரியதல்ல' என்று எழுத்தில் உரிமைகோர வேண்டும். தவறினால் பறிமுதல் சரி என்றே ஆகிவிடும். பிறகு தீர்ப்பாயத்துக்குப் போனாலும் பறிமுதல் சரியா என்ற கேள்வியைக் கிளப்ப முடியாது என்று 2011இல் ஜோன்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. "சரக்கைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் போட்டால் போதும்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அது வேறு, உரிமைகோருவது வேறு; அவரை நம்பியிருந்தால் கெட்டிருப்போம்.

வரி கட்டப்பட்டதை நிரூபிக்கும் பொறுப்பும், 154ஆம் பிரிவின்படி, நம் தலையில்தான். கையில் மொத்த வியாபாரியின் பில்லும் வங்கிக் கணக்கு விவரமும் இருக்கின்றன. ஆனால் பில்லில் சரக்கின் தொகுதி எண் (batch number) இல்லை. அந்தப் பெட்டிகள்தான் இவை என்று எப்படிக் காட்டுவது?

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இத்தகைய வழக்கை நடத்தியவர்கள் சொல்லுங்கள்: வியாபாரியின் எழுத்து வாக்குமூலம் போதுமா, அவரே சாட்சிக்கு வர வேண்டுமா? தோற்றால் எதிர்த்தரப்புச் செலவு எவ்வளவு வந்தது? சித்தப்பா இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.