மருத்துவம் அடிப்படை உரிமை என்று அரசியல் சட்டத்தில் எழுத வேண்டுமா?

வைகைக்கரை:
கல்விக்கு 2002-இல் 86-ஆவது திருத்தம் செய்து 21-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2009-இல் அதற்குச் சட்டமும் வந்தது. மருத்துவத்துக்கு அப்படி எதுவும் இல்லை. பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் கடமை என்று 47-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டு நெறி, அதை வைத்து வழக்குப் போட முடியாது என்று 37-ஆவது பிரிவு கதவைச் சாத்திவிடுகிறது. 21-ஆவது பிரிவின் உயிர் வாழும் உரிமைக்குள் மருத்துவமும் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் நம் கையில் இருக்கும் ஒரே பிடி. அது போதாது, தனிப் பிரிவு வேண்டும் என்கிறேன். 2015-இல் மத்திய அரசின் வரைவுக் கொள்கையிலேயே சுகாதார உரிமைச் சட்டம் என்ற யோசனை இருந்தது. 2017-இல் கொள்கை இறுதியானபோது அதை எடுத்துவிட்டார்கள்.

பழைய வக்கீல்:
சார், உரிமை ஏற்கெனவே இருக்கிறது. 1992 ஜூலையில் ஒரு ராத்திரி, மேற்கு வங்கத்தின் மதுராபூர் நிலையத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கல்கத்தாவில் ஒரு அரசு மருத்துவமனையில் படுக்கை இல்லை, இன்னொன்றில் அதற்கான பிரிவே இல்லை. இப்படி வரிசையாகத் திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் தனியாரில் சேர்ந்து ஏறக்குறைய 17,000 ரூபாய் கட்டினார். 1996-இல் உச்ச நீதிமன்றம், இது 21-ஆவது பிரிவை மீறிய செயல் என்று சொல்லி 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பணமில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 1989 பரமானந்த் கட்டாரா வழக்கில், விபத்தில் அடிபட்டவரைக் காப்பாற்றுவது அரசு டாக்டர், தனியார் டாக்டர் இருவருக்குமே கடமை என்றார்கள். இதற்கு மேல் திருத்தம் எதற்கு?

வைகைக்கரை:
அந்த ரயில் விபத்து வழக்கையே எடுத்துக்கொள்வோம் ஐயா. அவருக்குப் பின்னால் ஒரு சங்கம் நின்றது, டெல்லி வரை போனார்கள், நான்கு வருடம் ஆனது. உசிலம்பட்டியில் தனியாக இருக்கும் ஒரு அம்மாவால் அது முடியுமா? அப்புறம் 1998 பஞ்சாப் வழக்கை விட்டுவிட்டீர்கள். எந்த மாநிலத்திடமும் அளவில்லாத நிதி கிடையாது, மருத்துவச் செலவில் எவ்வளவு திருப்பித் தருவது என்று அரசு வரம்பு வைக்கலாம் என்றது அதே உச்ச நீதிமன்றம். ஒரு நீதிபதிகள் அமர்வு கொடுத்ததை இன்னொரு அமர்வு சுருக்கலாம் என்றால் அதை எப்படி நம்பி இருப்பது?

இரவுப்பணி:
நான் தாலுகா அரசு மருத்துவமனையில் டாக்டர். எங்கள் நிலைமையைக் கொஞ்சம் கேளுங்கள். ராத்திரி கேஷுவாலிட்டிக்கு ஒரே டாக்டர். பாம்புக்கடி வருகிறது, ஏ.எஸ்.வி. என்ற விஷமுறிவு மருந்தை ஏற்றிவிட்டுப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், எந்த நிமிடமும் ஒவ்வாமை வரலாம். அந்த நேரம் பைக் விபத்து ஒன்று வருகிறது. மயக்க மருந்து டாக்டர் இல்லை, ஸ்கேன் எடுக்க ஆள் இல்லை. காயத்தைக் கட்டி, ரத்தத்தை நிறுத்தி, 108-இல் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ரெஃபர் செய்வதைத் தவிர என்ன வழி? நாளைக்கு நீங்கள் சொல்லும் உரிமை வந்தால் அந்தக் குடும்பம் யார் சட்டையைப் பிடிக்கும்? பணியிடத்தை நிரப்பாதவர் சட்டையை அல்ல, என் சட்டையைத்தான். ஆள் போடுங்கள், அப்புறம் உரிமை எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:
டாக்டர் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். தமிழ்நாட்டில் இன்று இருப்பதெல்லாம் எந்த அடிப்படை உரிமைப் பிரிவைப் பார்த்து வந்தது? 1994-இல் மருந்து கொள்முதலுக்குத் தனிக் கழகம் அமைத்தார்கள். பொதுச் சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகமும் ஆட்களும் இருக்கிறார்கள். அரசு முடிவெடுத்து, வருடா வருடம் பணம் ஒதுக்கியதால் நடந்தது. தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தில் 27-ஆவது பிரிவாக இந்த உரிமை எழுத்திலேயே இருக்கிறது. 1997-இல் டர்பனில் சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் டயாலிசிஸ் கேட்டு வழக்குப் போட்டார். இருக்கிற இயந்திரங்களை யாருக்கு ஒதுக்குவது என்பது மருத்துவமனையின் முடிவு என்று அரசியல் சட்ட நீதிமன்றம் கைவிட்டது. கொஞ்ச நாளில் அவர் இறந்துபோனார். இன்னொன்று, நம் நாட்டில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனையும் மாநிலப் பட்டியல், அதாவது மாநில அரசின் பொறுப்பு. திருத்தம் டெல்லியில் நடக்கும், செலவுக் கணக்கு சென்னைக்கு வரும்.

செவ்வந்தி:
கணக்குப்பிள்ளை அண்ணா, அதே 27-ஆவது பிரிவை வைத்துத்தான் 2002-இல் எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு குழந்தைக்குத் தொற்று பரவாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கொடுக்க வைத்தார்கள். சில இடங்களில் மட்டும் கொடுப்போம் என்று அடம்பிடித்த அரசுக்கு எதிராக அந்த மக்களிடம் இருந்தது அந்த ஒரு பிரிவுதான். அதன் பலனைச் சொல்லாமல் விடலாமா?

திட்டம் போதும் என்கிறீர்கள். என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து அருகிலிருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஈ.சி.ஜி.யைப் பார்த்து உடனே ஆஞ்சியோ என்றார்கள். முதலில் அட்வான்ஸ் கட்டுங்கள் என்றார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கான வருட வருமான வரம்பு 1,20,000 ரூபாய். என் கணவர் சம்பளம் அதைத் தாண்டியதால் எங்களுக்கு அட்டை இல்லை. வசதியானவர்கள் பட்டியலிலும் நாங்கள் இல்லை. அத்தை வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்தார், நான் அடகுக்கடைக்கு ஓடினேன். மாமா ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தார். எங்களுக்கு என்று ஒரு சட்டம் இருந்திருந்தால் அந்த கவுன்டரில் நின்று கேட்டிருப்பேன்.

பழைய வக்கீல்:
அம்மா, கட்டாரா தீர்ப்பைச் சொல்லிக் கேட்டிருக்கலாம்.

செவ்வந்தி:
கவுன்டரில் இருக்கும் பையனுக்கு அந்தத் தீர்ப்பு தெரியாது சார். தெரிந்தாலும் மீறினால் என்ன தண்டனை என்று அதில் இல்லை.

வைகைக்கரை:
கணக்குப்பிள்ளை, தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறைக்கு முதுகெலும்பே 1939-ஆம் வருடத்துச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம்தானே? அதுவும் எழுத்தில் இருந்த சட்டம். 2021-இல் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்று பார்க்காமல் முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை. அருமையான திட்டம். அதே ஏற்பாடு மாரடைப்புக்கும் பாம்புக்கடிக்கும் தனியாரில் ஏன் கூடாது? நாளைக்கு ஒரு அரசாணையில் அதை நிறுத்தினால் யார் கேட்க முடியும்?

கணக்குப்பிள்ளை:
ராஜஸ்தானில் 2023-இல் சுகாதார உரிமைச் சட்டமே போட்டார்கள். டாக்டர்கள் தெருவில் இறங்கினார்கள். கடைசியில் 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனைகளை விட்டுவிடுகிறோம் என்று சமரசம். சிறிய ஊர்களில் இருப்பதெல்லாம் அந்த அளவு மருத்துவமனைகள்தான். அவசரச் சிகிச்சைக்கான பணத்தை அரசு எப்போது, எந்த விகிதத்தில் தரும் என்பதுதான் அங்கே பெரிய சண்டை. அதைத் தீர்க்காமல் உரிமை என்று எழுதினால் முதலில் மூடுவது 20 படுக்கை வைத்திருப்பவர்.

இரவுப்பணி:
இது சரியான கேள்வி. வைகைக்கரை சார், உங்கள் பிரிவுக்குப் பின்னால் வரும் சட்டத்தில் ஒரு தாலுகா மருத்துவமனைக்கு ராத்திரி எத்தனை டாக்டர், எத்தனை நர்ஸ் என்று எண்ணிக்கை இருக்குமா? காலியிடத்தை எத்தனை நாளில் நிரப்ப வேண்டும் என்று இருக்குமா? இருந்தால், இதற்காக நீங்கள் மனுப் போடும்போது அதில் என் கையெழுத்தும் உண்டு. நோயாளியின் உரிமை மட்டும் இருந்து அது இல்லையென்றால் எதிர்ப்பேன்.

வைகைக்கரை:
இருக்க வேண்டும் டாக்டர். கல்வி உரிமைச் சட்டத்தில் எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆசிரியர் என்று அட்டவணையே போட்டிருக்கிறார்கள். அதே மாதிரி டாக்டருக்கும் நர்ஸுக்கும் எண்ணிக்கை எழுதலாம். ஒரு தாலுகா மருத்துவமனைக்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று நீங்களே எழுதி இங்கே போடுங்கள். செவ்வந்தி சொன்ன அட்வான்ஸ் விஷயத்துக்கு என்ன தண்டனை என்பதை வக்கீல் ஐயா எழுதட்டும்.