வெளிச்சுவர் இல்லாத பாத்ரூம்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

நடுவீட்டுக்காரி
எங்கள் பாத்ரூமுக்கு நாலு பக்கமும் அறைதான், ஜன்னலுக்கு வழியே இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தமாக ஓடும், ஆனால் குளித்து ரொம்ப நேரமானாலும் கண்ணாடியில் ஆவி போகாது. எலக்ட்ரீஷியன் வந்து ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றினார். அதன் மேல்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. ஓரத்தைப் பிடித்ததும் ஊறின ரொட்டி மாதிரி கையோடு பிய்ந்து வந்தது. ஃபேனில் மாட்டியிருந்த நெளிகுழாய் எங்கேயும் போகவில்லை, சீலிங்குக்குள்ளேயே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ‘எக்ஸாஸ்ட் போட்டாச்சு’ என்று வீட்டை ஒப்படைத்தவர்கள் மேல் கோபம் இன்னும் தீரவில்லை.

தெற்குவாசல்
குழாயை வெளியே விட்டால் மட்டும் தீராதுங்க. எங்கள் குழாய் ஷாஃப்ட் வரை, அதாவது கட்டடத்தில் குழாய்கள் இறங்குகிற திறந்த சந்து வரை, ஒழுங்காகப் போகிறது, அப்படியும் சுவரில் தண்ணீர் வழிந்தது. கதவைச் சாத்திவிட்டு ஒரு டிஷ்யூ பேப்பரை ஃபேன் கிரில்லில் வைத்துப் பார்த்தேன், நிற்காமல் விழுந்தது. கதவை விரலளவு திறந்ததும் பட்டென்று ஒட்டிக்கொண்டது! உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் ஃபேன் எதை இழுக்கும்? கதவின் அடியைச் சீவியதும் சரியாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நெளிகுழாயே வேண்டாம். அதன் மடிப்புகள் காற்றைத் தடுக்கும், தொய்ந்த இடத்தில் ஆவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும். வழவழப்பான பிவிசி குழாயை, வளைவு குறைவாக, வெளிப்பக்கம் சற்றுச் சரித்துப் போடுங்கள். தூரம் அதிகமென்றால் குழாயின் நடுவில் பொருத்துகிற இன்லைன் ஃபேன் நல்லது. சின்ன பாத்ரூமுக்கு நிமிடத்துக்கு 50 கன அடி இழுத்தால் போதும், கூடுதலாக இருந்தாலும் நல்லதுதான். குளித்து முடித்ததும் நிறுத்திவிடாதீர்கள், 20 நிமிடமாவது ஓடட்டும், அதற்கு டைமர் வைத்த ஸ்விட்ச் கிடைக்கிறது. ஷாஃப்டில் விடுபவர்கள் முனையில் ஒருவழி ஷட்டர் போடுங்கள், இல்லையென்றால் கீழ்வீட்டு வாடை உங்கள் வீட்டுக்குள் வரும்.

மூத்தவள்
ஈரம், பூஞ்சை எல்லாம் சரி. உள்ளே கேஸ் கீசர் இருந்தால் என்ன ஆகும் என்று யாருமே பேசவில்லையே! குளித்துவிட்டு வந்த என் தம்பி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, “தலை சுத்துதுக்கா” என்றான். சொல்லும்போதே முட்டி மடங்கிச் சரிந்துவிட்டான். கார்பன் மோனாக்சைடு என்றார் டாக்டர். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தெற்குவாசல் அண்ணா, ஃபேன் கூடுதலாக இழுத்தாலும் நல்லது என்கிறீர்கள். கேஸ் கீசர் இருக்கிற இடத்தில் பலமான ஃபேன், புகைக்குழாய் வழியே வெளியேற வேண்டிய புகையையும் உள்ளே திருப்பி இழுக்கும். முதலில் கீசரை அங்கிருந்து எடுங்கள், ஃபேனை அப்புறம் பார்க்கலாம்.

புதுக்குடித்தனம்
எங்களுக்கு வேறு தொல்லை. ஃபேன் போட்டால் சாக்கடை நாற்றம், நிறுத்தினால் இல்லை. பிளம்பர் தரையில் தண்ணீர் வடிகிற ஃப்ளோர் ட்ராப்பைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார், உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. விருந்தினர் வந்தால்தான் அந்த பாத்ரூமைத் திறப்போம். ட்ராப்பில் தண்ணீர் நின்றால்தானே கழிவுக்குழாய்க் காற்றை மறிக்கும்? ஒரு குவளை ஊற்றினார், நாற்றம் நின்றது. எங்கள் கதவும் அடியில் இடைவெளியில்லாமல் இறுக்கமாகத்தான் இருக்கிறது, அதனால்தான் ஃபேன் அந்தப் பக்கமிருந்து இழுத்திருக்கிறது. தெற்குவாசல், நீங்கள் எவ்வளவு சீவினீர்கள்? தண்ணீர் வெளியே தெறிக்கவில்லையா?