வினைப்பயனைக் கொடுப்பான் ஒருவன் வேண்டுமா? பௌத்தமும் இறைவனும் குறித்து ஒரு விவாதம்

பள்ளத்தூர் வாசகர் எழுதியது:

சென்ற வாரம் காரைக்குடியில் ஒரு சமயச் சொற்பொழிவுக்குப் போயிருந்தேன். "கடவுள் உண்டா என்று கேட்டவர்களுக்குப் புத்தர் விடை சொல்லாமல் மௌனம் காத்தார், ஆகவே பௌத்தம் உண்டென்றும் சொல்லாது, இல்லையென்றும் சொல்லாது" என்று பேச்சாளர் கூற, அரங்கில் பலரும் தலையசைத்தார்கள். பலகாலமாக நம்மிடையே உலவும் இந்தக் கருத்து தவறு என்பதே என் வாதம்.

புத்தர் விடை கூறாது ஒதுக்கிய வினாக்கள் பத்து. உலகம் நிலையானதா, நிலையற்றதா, எல்லையுடையதா, எல்லையற்றதா, உயிரும் உடலும் ஒன்றா, வேறா, ததாகதர் (புத்தர்) இறந்தபின் இருக்கிறாரா, இல்லையா, இருந்தும் இல்லாமலும் இருக்கிறாரா, இரண்டும் அல்லாத நிலையா என்பவை அவை. மாலுங்கியபுத்தர் என்ற பிக்கு, இவற்றுக்கு விடை கிடைத்தால்தான் துறவில் நீடிப்பேன் என்று அடம்பிடித்தார். நச்சம்பு தைத்தவன், எய்தவனுடைய குலமும் ஊரும் தெரியாமல் அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்று சொன்னால் என்ன ஆவான் என்று புத்தர் கேட்டது அப்போதுதான். அந்தப் பத்தில் படைப்புக் கடவுளைப் பற்றிய வினா இல்லவே இல்லை.

அதைப் பற்றி அவர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். பிரமஜால சூத்திரத்தில் ஒரு கதை வருகிறது. உலகம் மீண்டும் விரியத் தொடங்கும் காலத்தில், மேலுலகில் ஆயுளோ நல்வினையோ தீர்ந்த ஓர் உயிர், வெறுமையாய்க் கிடந்த பிரம விமானத்தில் முதலில் வந்து பிறக்கிறது. நெடுங்காலம் தனித்திருந்து சலித்து, "வேறு யாரேனும் வரமாட்டார்களா" என்று அது ஏங்குகிறது. தற்செயலாக அந்த நேரத்தில் மற்ற உயிர்களும் தத்தம் வினைப்படி அங்கே வந்து பிறக்க, "நான் நினைத்தேன், இவர்கள் வந்தார்கள், ஆகவே நானே படைத்தவன்" என்று முதலாமவர் கருதிவிடுகிறார், பின்வந்தவர்களும் அதையே நம்பிவிடுகிறார்கள். கேவத்த சூத்திரத்திலோ, நான்கு பூதங்களும் எங்கே எச்சமின்றி அடங்குகின்றன என்று ஒரு பிக்கு கேட்க, மகாபிரமன் அவரைக் கைப்பிடித்துத் தனியே அழைத்துப்போய், தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறார். தேவர்கள் இல்லை என்று பௌத்தம் சொல்லவில்லை. அவர்களும் பிறந்து இறப்பவர்களே என்கிறது. இன்பதுன்பம் யாவும் ஈசன் படைப்பே என்பவர்களிடம், "அப்படியானால் கொலைசெய்பவனும் ஈசன் படைத்ததால்தானே கொல்கிறான்? பிறகு இது செய்யத்தக்கது, இது தகாதது என்பதற்கும் முயற்சிக்கும் இடமேது?" என்று புத்தர் கேட்டதை அங்குத்தர நிகாயம் சொல்கிறது. இதை மௌனம் என்பது எப்படிப் பொருந்தும்?

தேவகோட்டைச் சித்தாந்த மாணவர் எழுதியது:

பள்ளத்தூர் அன்பருக்கு வணக்கம். மௌனம் என்ற பேச்சு தவறு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் தாங்கள் இறுதியில் காட்டிய கேள்வி எங்கள் சைவ சித்தாந்தத்தைத் தொடவே இல்லை. உயிரை இறைவன் படைத்தான் என்று நாங்கள் சொல்வதில்லை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் தொடக்கமற்றவை. ஆணவ மலம் என்னும் அறியாமை இருளில் மூழ்கிக் கிடக்கும் உயிர் தேறிவருவதற்காக உடலையும் கருவிகளையும் உலகத்தையும் நுகர்ச்சியையும் தருவதே இறைவன் செயல். கொலைசெய்பவன் தன் அறியாமையாலும் தன் வினையாலும் கொல்கிறான்.

எங்கள் கேள்வி வேறு. சாக்கிய நாயனார் காஞ்சிக்குச் சென்று பௌத்தம் கற்று, அந்த வேடத்தோடே நாள்தோறும் சிவலிங்கத்தின் மீது கல்லெறிந்து வழிபட்டவர். அவர் பௌத்தத்தில் எந்த இடத்தில் நிறைவு காணவில்லை என்பதைச் சேக்கிழார் நுட்பமாகச் சொல்கிறார்: "செய்வினையும் செய்வானும் அதன்பயனும் கொடுப்பானும்" என நான்கு பொருள் உண்டு, இவ்வியல்பு சைவநெறி அல்லாதவற்றுக்கு இல்லை என்று அவர் உணர்ந்தாராம். வினை அறிவற்றது. இன்னாருக்கு இன்ன பயன், இன்ன காலத்தில் என்று அது தானே கணக்கிட்டுச் சென்று சேருமா? நம் சீமையில் கண்மாய் நிறைந்து கிடந்தாலும், எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு விடுவது என்று அறிந்த நீர்பாய்ச்சி ஒருவர் இல்லாமல் கடைமடை வயல் நனையாது. பௌத்தத்தில் அந்த நீர்பாய்ச்சி யார்?

கண்டனூர் ஆச்சி எழுதியது:

நூல் வாதத்தில் நான் புகவில்லை. எங்கள் ஐயாவும் அப்பத்தாவும் 1942 வரை ரங்கூனில் இருந்தவர்கள். அங்கிருந்து வந்த சாமான்களில் ஒரு சாண் உயரப் புத்தர் சிலை ஒன்று உண்டு. தேக்கில் செதுக்கியது, வலக்கை தரையைத் தொட்டிருக்கும், முழங்கால் பக்கம் பொன்பூச்சு உதிர்ந்து கருமரம் தெரியும். அப்பத்தா அதைச் சாமி வீட்டுக்குள் வைக்கவில்லை. வெளியே வளவைப் பார்த்த மாடக்குழியில் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் துடைத்து ஒரு பூ வைப்பார்களே தவிர விபூதி பூசியதில்லை. ஒருமுறை பரீட்சைக்கு முன்னால் நான் அதன்முன் நின்று வேண்டிக்கொண்டபோது, "இவுககிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாதுத்தா, இவுகளைப் பாத்து நாமதான் நடந்துக்கணும்" என்றார்கள். பர்மியர்களும் வேண்டுதல் இருந்தால் நாட் தேவதைகளிடம் போவார்களாம். வீட்டில் அதற்கென்று தேங்காயைச் சிவப்புத் துணி சுற்றித் தொங்கவிட்டிருப்பார்களாம். பகோடாவில் பூவும் மெழுகுவர்த்தியும் மட்டும்தானாம்.

பள்ளத்தூர் வாசகர் எழுதியது:

ஆச்சி அவர்களின் அப்பத்தா சொன்னதை நான் எந்த உரைநூலிலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. இலங்கையிலும் பர்மாவிலும் வழங்கும் தேரவாத பௌத்தத்தின் நிலை அதுவே: பரிநிர்வாணம் அடைந்தவர் வரம் தருபவர் அல்லர், வழிபடுபவனின் மனம் நன்மையை நோக்கித் திரும்புவதே வழிபாட்டின் பயன்.

தேவகோட்டை அன்பருக்கு: ஈசன் படைப்பு பற்றிய புத்தரின் கேள்வி சித்தாந்தத்தைத் தொடவில்லை என்பதை ஏற்கிறேன், அந்த வேறுபாட்டை நான் கவனித்திருக்க வேண்டும். ஆனால் வினை அறிவற்றது என்ற தங்கள் கேள்வியும் பௌத்தத்தைத் தொடவில்லை. "எண்ணத்தையே நான் வினை என்கிறேன்" என்பது புத்தர் வாக்கு. அணுப்போல உயிரில் வந்து ஒட்டும் வினையைப் பேசுகிறவர்கள் சமணர்கள். பௌத்தத்தில் வினை மனத்தின் இயக்கம். அது அடுத்த மனநிலையை உருவாக்குகிறது. வினை வயல், உணர்வு விதை, வேட்கை ஈரம் என்று புத்தர் ஓர் உவமை சொன்னார். நிலம், விதை, ஈரம் மூன்றும் கூடினால் முளைக்கும். அதில் உழவன் பேசப்படவில்லை.

நீர்பாய்ச்சியைப் பற்றியும் ஒன்று கேட்கிறேன். அவர் ஒவ்வொரு வயலுக்கும் அதனதன் பங்கை மட்டுமே விடுகிறார் என்றால், பங்கை முடிவுசெய்வது வினைதான். அவருக்கென்று உரிமை ஏதும் இல்லை. பங்குக்கு மேல் விடுகிறார் என்றால், ஒரு வயலுக்கு விட்டு மற்றொன்றை ஏன் காயவிட்டார்?

புதுவயல் அன்பர் எழுதியது:

இருவரும் தேரவாதத்தையே பேசுகிறீர்கள். தமிழகத்தில் மகாயானம் என்ற மற்றொரு பௌத்தப் பிரிவும் இருந்தது. அகத்தியர், அவலோகிதர் என்ற போதிசத்துவரிடம் தமிழ் கேட்டார் என்று வீரசோழியம் என்ற இலக்கண நூல் சொல்கிறது. அவலோகிதரிடம் அருளை வேண்டலாம் அல்லவா?

பள்ளத்தூர் வாசகர் எழுதியது:

வேண்டலாம். ஆனால் அவரும் உலகத்தைப் படைத்தவர் அல்லர். மகாயானத்தின் தருக்க நூலாரே ஈசுவரன் உண்டென்ற வாதத்தை மிகக் கடுமையாக மறுத்தவர்கள். அவர்களோடு வாதிட்டே நியாய நூலாரான உதயனர், ஈசுவரன் உண்டென்று நிறுவ நியாய குசுமாஞ்சலியை எழுதினார். மணிமேகலையிலும் இதே நிலைதான். தெய்வங்கள் வருகின்றன, சிந்தாதேவி அமுதசுரபி தருகிறாள். ஆயினும் வஞ்சி மாநகரில், "பேருலகெல்லாம் ஓர் தேவன் இட்ட முட்டை" என்ற பிரமவாதியையும் இறைவன் உலகைப் படைத்து விளையாடுபவன் என்ற சைவவாதியையும் கேட்டுக் கடந்துசெல்லும் மணிமேகலை, முடிவில் அறவண அடிகளிடம் பெறுவது, பேதைமையில் தொடங்கும் காரணத் தொடரான பன்னிரு நிதானங்களை. நகரத்தார் தம் பூர்விகமாகச் சொல்லும் காவிரிப்பூம்பட்டினமே அவள் ஊரும் என்பதால், இந்த வாதம் நம் வீட்டு வாதம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தேவகோட்டைச் சித்தாந்த மாணவர் எழுதியது:

நீர்பாய்ச்சி உவமை அருளைச் சொல்லப் போதாது என்பது உண்மை. அது என் உவமையின் குறை. அருள்நந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பெற்றோரை உவமையாக்குகிறது. சொல் கேளாத பிள்ளையை அடிப்பதும் பரிவே. ஒவ்வொரு பிள்ளையின் பக்குவத்துக்கு ஏற்பக் கண்டிப்பு வேறுபடும், அன்பில் வேறுபாடு இல்லை. வயல் காய்வதாகத் தாங்கள் காண்பது மலம் பழுக்கக் காத்திருக்கும் காலம்.

ஆனால் எண்ணமே வினை என்று சொல்லி அருள்நந்தி சிவாசாரியாரின் கையில் தாங்களே வந்து சிக்கிக்கொண்டீர்கள். சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் பௌத்தரின் நான்கு பிரிவினரையும் மறுக்கும்போது அவர் முதன்மையாகப் பிடித்தது கணபங்கத்தைத்தான். எல்லாம் கணந்தோறும் அழியுமானால், இன்று தோன்றிய எண்ணம் இன்றே அழிந்தது. அழிந்துபோனது பத்தாண்டு கழித்து எப்படிப் பயன் தரும்? செய்தவன் ஒருவன், நுகர்பவன் வேறொருவன் என்று ஆகாதா?

பள்ளத்தூர் வாசகர் எழுதியது:

இந்தக் கேள்வியை மிலிந்த மன்னரும் பௌத்தத் துறவி நாகசேனரிடம் கேட்டார். மாங்காய் திருடியவன், "நீ நட்ட கொட்டை வேறு, நான் பறித்த காய் வேறு" என்று சொல்லித் தப்ப முடியுமா என்று நாகசேனர் திருப்பிக் கேட்டார். கொட்டை அழிந்துதான் கன்று வந்தது. ஆயினும் அந்தக் காய் அந்தக் கொட்டையால் வந்ததே. அழிவுக்கும் தொடர்ச்சிக்கும் பகையில்லை.

தேவகோட்டைச் சித்தாந்த மாணவர் எழுதியது:

மரம் நின்றதால்தான் அங்கே தொடர்ச்சி உண்டு. தாங்கள் மரத்தையும் கணந்தோறும் அழிப்பவர். பரபக்கத்தில், அந்த நான்கு பிரிவினருள் ஒருவனான சௌத்திராந்திகன் பகுதியை மூல உரையோடு நாளை மாலை இங்கே தருகிறேன், வரிவரியாகப் பார்ப்போம். ஆச்சி அவர்கள் அந்தச் சிலையின் படம் ஒன்று அனுப்பினால் மகிழ்வேன்.

கண்டனூர் ஆச்சி எழுதியது:

அனுப்புகிறேன். பூ வைத்து எடுப்பதென்றால் வெள்ளிக்கிழமை வரை பொறுக்க வேண்டும்.