மெக்சிகோ சிவப்புச் சோறு பொங்கலாகிவிடுகிறது, எங்கே தவறுகிறேன்?

மண்சட்டி:
மூன்றாவது முறையும் தோற்றுவிட்டேன். இங்கே டெக்சஸில் பக்கத்து வீட்டு மெக்சிகோ அம்மாள் செய்யும் அர்ரோஸ் ரோஹோ, அதாவது இந்தச் சிவப்புச் சோறு, தட்டில் கொட்டினால் பருக்கை பருக்கையாக உருளும். எனக்கு வருவது தக்காளிப் பொங்கல்.

ஒரு கப் சோனா மசூரியைக் கழுவி, உடனே எண்ணெயில் இரண்டு நிமிடம் வறுத்தேன். மூன்று தக்காளி, அரை வெங்காயம், இரண்டு பல் பூண்டு அரைத்ததில் ஒரு கப் விழுது வந்தது. அதை ஊற்றி, மேலே இரண்டு கப் கோழிச்சாறு. அடிபிடிக்குமே என்று அடிக்கடி கிளறினேன். மேலே விறைப்பு, அடியில் கஞ்சி.

கறிவேப்பிலை:
தக்காளி விழுதும் தண்ணீர்தான், அதைக் கணக்கில் விட்டுவிட்டீர்கள். ஒரு கப் அரிசிக்கு மூன்று கப் ஈரம் என்றால் குழையாமல் என்ன செய்யும்? எல்லாம் சேர்த்து இரண்டு கப்புக்குள் நிற்க வேண்டும். சோனா மசூரியைச் சாம்பாருக்கு வைத்துக்கொண்டு, நீள அரிசி வாங்குங்கள். சாறு ஊற்றி ஒருமுறை கலந்ததும் கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.

நெல்மூட்டை:
அளவைவிடப் பெரிய தவறு வறுத்ததில் இருக்கிறது. ஈர அரிசி எண்ணெயில் வறுபடாது, வேகத்தான் தொடங்கும். கழுவிய அரிசியை வடிதட்டில் அரை மணி நேரம் விட்டு, பிறகு மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம் வறுங்கள். முதலில் கட்டிகட்டியாக ஒட்டும், பயப்பட வேண்டாம். போகப்போகப் பிரிந்து, கரண்டியால் தள்ளினால் மணல் போலச் சரசரக்கும். சில மணிகள் பால்வெள்ளையாகவும் சில இளம்பொன்னாகவும் மாறும்போது விழுதை ஊற்றுங்கள். அது வற்றி நிறம் கறுத்த பிறகே சூடான சாறு. அவசரப்பட்டால் தக்காளியின் பச்சை வாடை போகாது. முழுப் பச்சைமிளகாய் ஒன்றைக் கீறாமல் மேலே வையுங்கள்; காரம் இறங்காது, மணம் இறங்கும்.

மெக்சிகோவில் இந்தச் சோற்றை ‘சோபா சேகா’, அதாவது உலர்ந்த சூப், என்ற வகையில் சேர்ப்பார்கள். மதியச் சாப்பாட்டில் நீர்த்த சூப்புக்கு அடுத்து வரும். பெயரிலேயே உலர்வு இருக்கிறது, பாருங்கள்.

மண்சட்டி:
சீரகம் போடலாமா? இங்கே உணவகங்களில் அந்த வாசனை தூக்கலாக இருக்கிறது.

நெல்மூட்டை:
அது டெக்சஸ் கைப்பக்குவம். பக்கத்து வீட்டுச் சோற்றில் சீரகம் மணத்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

மண்சட்டி:
மணக்கவில்லை! நேற்று போடாமலே செய்தேன். நீள அரிசி, வற்றிய விழுது, ஒன்றேகால் கப் சாறு. சிறு தீயில் மூடி பதினைந்து நிமிடம், அணைத்துத் திறக்காமல் பத்து நிமிடம். உதிர்ந்தது! ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள். நான்கு கப் அரிசி என்றால் எல்லாவற்றையும் நான்கால் பெருக்கினால் போதுமா?

கறிவேப்பிலை:
சாற்றை மட்டும் பெருக்காதீர்கள். அளவு கூடினாலும் ஆவியாகப் போகும் நீர் அதே விகிதத்தில் கூடாது. நான்கரை கப்பில் தொடங்குங்கள். ஆழமான பானை வேண்டாம், அகலமான பாத்திரம் எடுங்கள். வறுப்பதை இரண்டு தடவையாகச் செய்யுங்கள். நான்கு கப் அரிசியை ஒரே நேரத்தில் போட்டால் பாதி வறுபடாமலே நிற்கும்.