புத்தகம் படித்துக் கதை எழுத வருமா?

பாதிக்கதை:
கதை எழுதக் கற்றுத்தரும் புத்தகங்கள் 2 வருடத்தில் 11 படித்துவிட்டேன். கோடு போட்டு, குறிப்பெடுத்து, ஒழுங்காகத்தான் படித்தேன். இந்த 2 வருடத்தில் முடித்த கதைகள் 3. அதற்கு முந்தைய ஒரே வருடத்தில் 9 எழுதியிருந்தேன். இப்போது முதல் வரியை எழுதியதுமே, "இதில் முரண் எங்கே? இவளுக்கு என்னதான் வேண்டும்?" என்று உள்ளே ஒருவர் விசாரணையை ஆரம்பித்துவிடுகிறார். இந்த வகைப் புத்தகத்தால் பலனடைந்தவர் அதை எழுதியவர் மட்டும்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஓரக்குறிப்பு:
மறுக்கிறேன். அந்த 9 கதையில் எத்தனை தேறின என்று நீங்கள் சொல்லவே இல்லையே.

என் கதை ஒன்றை 5 பேரிடம் கொடுத்தேன். 5 பேரும் "ஏதோ இடிக்கிறது" என்றார்கள். எது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த இடம் இதுதான்:

"கமலா கதவைத் திறந்தாள். இவ்வளவு நாள் கழித்து எதற்கு வந்திருக்கிறான் என்று யோசித்தாள். அவள் இளைத்துப்போயிருப்பது அவனுக்கு வருத்தமாக இருந்தது."

இரண்டாவது வரிவரை கமலாவின் மனதுக்குள் இருக்கிறோம். மூன்றாவது வரியில் சொல்லாமல் கொள்ளாமல் அவன் மனதுக்குள் தாவிவிட்டேன். நோக்குநிலை (கதையை யார் கண்ணால் பார்க்கிறோம் என்பது) பற்றி ஒரு அத்தியாயம் படித்த பிறகுதான் இது கண்ணில் பட்டது. "அவன் பார்வை அவளுடைய கழுத்தெலும்பிலேயே நின்றது" என்று மாற்றினேன். இதைக் கமலாவால் பார்க்க முடியும். அவன் வருத்தமும் வந்துவிட்டது. நானாகத் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடிக்க எத்தனை வருடம் ஆகியிருக்குமோ!

கிழித்த காகிதம்:
ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் நாவல் கலை பற்றிய தன் உரைகளை 1927இல் புத்தகமாக்கினார். ராஜா இறந்தார், பிறகு ராணி இறந்தார் என்றால் வெறும் கதை. துக்கத்தில் ராணி இறந்தார் என்றால் கதைப்பின்னல். இந்த உதாரணம் அதில் உள்ளதுதான், இன்றுவரை எல்லோரும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம். மனிதர் 1970 வரை உயிரோடு இருந்தார். அந்தப் புத்தகத்துக்குப் பிறகு அவர் வெளியிட்ட நாவல் எத்தனை தெரியுமா? பூஜ்யம்.

ஓரக்குறிப்பு:
அவர் கடைசியாக நாவல் வெளியிட்டது 1924இல். கடையை மூடிவிட்டுத்தான் உரையாற்றப் போனார். பழியைப் புத்தகத்தின் மேல் போடாதீர்கள். அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் 2000இல் எழுத்துக்கலை பற்றி எழுதினார். அதற்கப்புறம் நாவல்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

பாதிக்கதை:
கிங் பேச்சை எடுத்ததால் சொல்கிறேன். வினையடைகளைத் தவிர்க்கச் சொல்கிறாரே என்று "மெதுவாக", "கோபமாக" எல்லாவற்றையும் வெட்டினேன். கதை தந்தி மாதிரி ஆகிவிட்டது. அப்புறம், கேட்டதற்குப் பதில்: 9இல் தேறியது 2. பிந்தைய 3இல் தேறியது 1.

ஓரக்குறிப்பு:
அப்படியானால் விகிதம் கூடியிருக்கிறது!

நிழல்வாசகி:
வினையடையில் கிங்குக்கு அதிகம் உறுத்துவது உரையாடலின் வாலில் ஒட்டும் "என்றான் கோபமாக" வகைதான். அந்த அளவுக்குத் தமிழுக்கும் சரி. ஆனால் "தயங்கித் தயங்கி வந்தாள்" என்பதில் எதை வெட்டுவீர்கள்? தயக்கம்தானே அங்கே காட்சி.

என் புகார் வேறு. நாம் இங்கே பேசும் புத்தகங்கள் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதியவை. அந்த மொழியில் அப்பா வந்தாலும் திருடன் வந்தாலும் வினை ஒன்றுதான். நமக்கு "வந்தான்", "வந்தார்" இரண்டில் ஒன்றைப் போட்டே ஆகவேண்டும். போட்ட உடனே சொல்பவர் எந்த உயரத்தில் நின்று பார்க்கிறார் என்பது தெரிந்துவிடும். மகன் சொன்னால் "அப்பா வந்தார்". அதே ஆள் படர்க்கைக் கதையில் "சண்முகம் வந்தான்". மகனே ஓரிடத்தில் "வந்தான்" என்று சொல்லிவிட்டால்? அரைப்பக்கம் எழுதவேண்டிய கசப்பை ஒரு விகுதி சொல்லிவிடும். நான் படித்த எந்த நோக்குநிலை அத்தியாயத்திலும் இது இல்லை. இருக்கவும் முடியாது.

ஓரக்குறிப்பு:
இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது தமிழில் இன்னும் நல்ல புத்தகம் வேண்டும் என்பதற்கான வாதம். புத்தகமே வேண்டாம் என்பதற்கு இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை எடுத்துப் பாருங்கள். நகை, அழுகை என்று எட்டு மெய்ப்பாடு (உடலில் வெளிப்படும் உணர்ச்சி) சொல்லி, அழுகை எதனால் வரும் என்று நான்கு காரணமும் தருகிறது: இளிவு (பிறர் இகழ்வது), இழவு (இழப்பு), அசைவு (முன்பிருந்த நிலை கெடுவது), வறுமை. ஒரு பாத்திரம் அழுகிறது என்று எழுதும்போது நான்கில் எது என்று கேட்டுப் பார்த்தாலே பாதி அழுகை நின்றுவிடும்.

கிழித்த காகிதம்:
"இலக்கியம் கண்டதற்கு இலக்கணம்" என்று நன்னூல் சொல்வதையும் பாருங்கள். கண்ட பிறகுதான் இலக்கணம்.

ஓரக்குறிப்பு:
நான் செய்ததும் அதுதானே? கதை இடித்தது, அப்புறம் புத்தகத்தைத் திறந்தேன். பாதிக்கதை 11 புத்தகத்தை முடித்துவிட்டு வெள்ளைத்தாளில் உட்கார்ந்தார்.

பாதிக்கதை:
சரி, அந்த அடி எனக்குத்தான். தேறாத இரண்டில் ஒன்று மகன் சொல்லும் கதை. அப்பா வீட்டை விற்றுவிட்டு வந்து நிற்கிறார். கடைசிப் பத்தி இப்படி இருந்தது:

"அப்பா வாசற்படியில் உட்கார்ந்தார். யாரையும் பார்க்கவில்லை. தண்ணீர் கேட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது."

நிழல்வாசகி சொன்னதை வைத்து இப்போது மாற்றியிருக்கிறேன்:

"அப்பா வாசற்படியில் உட்கார்ந்தார். யாரையும் பார்க்கவில்லை. தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். குடித்தான்."

நிழல்வாசகி:
ஆத்திரத்தைத் தூக்கியது நல்லது. "குடித்தான்" வேண்டாம், "கொடுத்தேன்" என்பதோடு நிறுத்துங்கள்.

கிழித்த காகிதம்:
"கேட்டான்" அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையாகவே.

பாதிக்கதை:
அப்படியானால் "அப்பா தண்ணீர் கேட்டான்" என்றே எழுதிவிடுகிறேன்.