கரீபியன் கடலோர விடுதியில் டென்னிஸ்: வலைக்கு அந்தப் பக்கம் நின்றது யார்?

எடிசன்வாசி:

விடுமுறைக்குப் போன இடத்தில் டென்னிஸ் ஆடிய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தோற்ற கதைதான்.

பிப்ரவரியில் செயின்ட் க்ரோய் போனோம். அமெரிக்க விர்ஜின் தீவுகளில் பெரியது அதுதான். டென்மார்க்கிடமிருந்து 1917-ல் அமெரிக்கா 2.5 கோடி டாலர் தங்கம் கொடுத்து வாங்கிய தீவுக் கூட்டம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அமெரிக்க மண்தானே என்று லைசென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். திரும்பி வரும்போது அந்த விமான நிலையத்திலேயே குடிவரவுச் சோதனை உண்டு. பாஸ்போர்ட், ஐ-797 (விசா மனு ஏற்கப்பட்ட கடிதம்) எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

தங்கியது தி பக்கனீர் விடுதியில். 1947-ல் திறந்த நாளிலிருந்து ஆர்ம்ஸ்ட்ராங் குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம். கரும்பு பிழிந்த காற்றாலையின் கல் கோபுரம் இன்னும் நிற்கிறது. குன்றின் மேல் இளஞ்சிவப்புக் கட்டடம், கீழே கடல், நடுவில் கோல்ஃப், டென்னிஸ். நான் அந்த இடத்தைப் பிடித்ததே டென்னிஸ் கோர்ட்டுக்காகத்தான். மனைவியிடம் கடற்கரை என்று சொல்லியிருந்தேன்.

மயாமியில் விமானம் மாறி இறங்கினால், ராக்கெட் பை வரவில்லை. விமான நிறுவனத்தின் பெயர் வேண்டாம், எல்லாரும் ஒரே லட்சணம்தான். மறுநாள் காலை ஏழு மணிக்கு விறுவிறுவென்று டென்னிஸ் கோர்ட்டுக்குப் போய், "வாடகைக்கு ராக்கெட் கிடைக்குமா?" என்று கேட்டேன். அங்கிருந்த அம்மா பதிலே சொல்லவில்லை. என்னை நிதானமாகப் பார்த்து, "குட் மார்னிங்" என்றார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். எனக்கு உறைக்க நாலு விநாடி ஆனது. "குட் மார்னிங்" என்றேன். அதற்கப்புறம்தான் முகத்தில் சிரிப்பு வந்தது. விர்ஜின் தீவுகளில் இது எழுதாத சட்டம். கடையோ பஸ்ஸோ டாக்டர் வீடோ, உள்ளே நுழைந்ததும் வணக்கம் சொல்லாமல் வேலையைப் பேசினால் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். நம் ஊரில் வீட்டுக்கு வந்தவர்கள் செருப்போடு நடுக்கூடத்துக்கு வந்தால் எப்படி இருக்கும், அப்படி.

அந்த அம்மா உள்ளே போய் யாரோ விட்டுவிட்டுப் போன பழைய ராக்கெட் ஒன்றை எடுத்து வந்தார். பிடியில் நீல நிற டேப், அதில் முந்தைய சொந்தக்காரரின் கட்டைவிரல் பதிந்த பள்ளம். நரம்பு தளர்ந்து, பந்து பட்டால் 'டொங்' என்று கொசுவலையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். கூட ஆட ஆள் வேண்டும் என்றேன். இரண்டே கேள்வி கேட்டார். "முதல் சர்வ் உள்ளே விழுமா? தோற்றால் கோபம் வருமா?" இரண்டுக்கும் பொய் சொன்னேன். போனை எடுத்து யாரையோ எழுப்பினார்.

வந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. மினசோட்டாக்காரர். இரண்டு முழங்காலிலும் பட்டை. இருபது வருஷத்துக்கு மேலாக, அதே வாரம், முடிந்தால் அதே அறை. நான் அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் (யுஎஸ்டிஏ) லீக்கில் 3.5, அதாவது நடுத்தர ஆட்டக்காரன். பாவம், மெதுவாகப் போடுவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

டாஸில் அவர்தான் ஜெயித்தார். சர்வ் கேட்கவில்லை, பக்கம் கேட்டார். அப்போதே நான் விழித்திருக்க வேண்டும்.

கோர்ட்டுகளைப் பெரும்பாலும் வடக்கு தெற்காகத்தான் போடுவார்கள், காலை மாலை வெயில் கண்ணில் அடிக்காமல் இருக்க. கரீபியனில் வருஷம் முழுக்க அடிப்பது கிழக்கும் வடகிழக்குமான வியாபாரக் காற்று. ஆக, காற்று குறுக்கே பாயும், கொஞ்சம் சாய்ந்தும் பாயும். பாட்டி ஓங்கி அடிக்கவே இல்லை. கிழக்குக் கோட்டுக்கு வெளியே பார்த்து, உயரமாக, ஒரு லாப் போடுவார். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போகும். 'அவுட்' என்று நான் ராக்கெட்டைத் தாழ்த்துவேன். பந்து மேலே போய், காற்றில் மிதந்து, திரும்பி வந்து, கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே பொத்தென்று விழும். முதல் செட்டில் மட்டும் ஐந்து முறை இப்படி விட்டேன். ஐந்தாவது முறை அவரே, "நீ அதை அடித்தே பார்க்கலாமே" என்றார், ரொம்பப் பரிவாக.

சர்வில் பந்தை மேலே போட்டால் அது பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். தலைக்கு மேல் ஒரு முழத்துக்கு மேல் போடாதே என்று கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். 6-2, 6-1. அந்த மூன்று கேமில் ஒன்று கீரி கொடுத்தது. அவர் சர்வ் போடும்போது வலைக்கடியில் ஒரு கீரிப்பிள்ளை ஓட, இரண்டு முறை டபுள் ஃபால்ட். கரும்புக்காட்டு எலிகளை ஒழிக்க 19-ம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்ட கீரிகள். எலி மரத்தில் ஏறிக்கொண்டது, கீரி தீவு முழுக்கப் பெருகிவிட்டது. கீரி குறுக்கே போனால் நல்ல சகுனம் என்பாள் எங்கள் அப்பத்தா. ஒரு கேம் அளவுக்கு நல்லதுதான்.

ஆட்டம் முடிந்ததும் பாட்டி பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். அந்த விடுதியில் யாரோடு ஆடினார், என்ன ஸ்கோர், எல்லாம் வருஷவாரியாக. என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். எழுதி முடித்து, எழுத்தை எண்ணி, "இந்த நோட்டிலேயே நீளமான பெயர் இதுதான்" என்றார். அதிலாவது முதலிடம்.

அப்புறம் நாலு நாளும் டபுள்ஸ், அவர் பக்கத்தில் நின்று. எதிரில் நிற்பதைவிட அது எவ்வளவோ தேவலை.

கார் எடுப்பவர்களுக்கு: சாலையில் இடது பக்கம் ஓட்ட வேண்டும், ஆனால் ஸ்டியரிங்கும் இடது பக்கமே. ஊரில் பழகிய பக்கம், அமெரிக்காவில் பழகிய சீட். இரண்டும் சேர்ந்தால் மூளை கலங்கிவிடுகிறது.

ஸ்கார்பரோ அக்கா:

தம்பி, சிரிச்சுச் சிரிச்சு வாசிச்சன். எங்கட கதை அன்டிகுவாவில.

ரொறன்ரோவிலிருந்து நேரே விமானம் இருக்கிறது. நாங்கள் தங்கியது கர்ட்டன் ப்ளஃப், தெற்குக் கரையில் ஓல்ட் ரோட் என்ற ஊருக்குப் பக்கத்தில். விமானியாக இருந்த ஹோவர்ட் ஹல்ஃபோர்ட் என்பவர் அறுபதுகளின் தொடக்கத்தில் கட்டியது. அவர் காலமாகிவிட்டார். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு பாறை முனை; ஒரு பக்கக் கரையில் அலை அடித்து உடைக்கும், மற்றப் பக்கம் குளம் மாதிரிக் கிடக்கும். விலை சும்மா இல்லை, சொல்லிப்போட்டன். எங்கட இருபத்தைந்தாவது கலியாண நாள் என்றபடியால் கண்ணை மூடிக்கொண்டு போனது.

இவர் டென்னிஸ் படித்தவர் இல்லை. யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் விளையாடினவர். விடுதியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர் நல்ல பொறுமைசாலி, உள்ளூர் ஆள். பந்தை இவருடைய வலப் பக்கம் போட்டார். இவர் முன்காலை ஊன்றி, முழங்காலை மடித்து, ராக்கெட்டை மட்டை மாதிரிப் பிடித்து ஒரு கவர் டிரைவ். பந்து வலையில். அடுத்தது கொஞ்சம் எழும்பி வந்தது. இவர் பின்காலில் திரும்பி ஒரு புல் ஷொட். பந்து வேலிக்கு மேலால் போய்த் தென்னைகளுக்குள் விழுந்தது.

அந்த மனிசன் கோபிக்கவில்லை. ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டார். இலங்கை என்றதும் முடிந்தது கதை. அரவிந்த டி சில்வாவில் தொடங்கி, 1996 உலகக் கிண்ணத்துக்கு வந்து, பிறகு அன்டிகுவாவுக்கே போனார்கள். விவ் ரிச்சர்ட்ஸ், அன்டி ரொபர்ட்ஸ், ரிச்சி ரிச்சர்ட்சன், அம்ப்ரோஸ், எல்லாரும் இந்தச் சின்னத் தீவுப் பிள்ளைகள். 1986-ல் சென்ற் ஜோன்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக விவ் 56 பந்தில் சதம் அடித்தபோது இந்தப் பயிற்சியாளர் சின்னப் பெடியனாம், மதிலில் ஏறியிருந்து பார்த்தவராம். லாரா 375-ம் 400-ம் எடுத்ததும் அதே மைதானத்தில். ஒரு மணித்தியாலப் பாடத்தில் நாற்பது நிமிசம் இப்படியே போனது. மிச்ச நேரத்தில் அவர் சொன்னது ஒன்றுதான்: "இங்கே விக்கெட் இல்லை ஐயா, காலை விட்டுத் தள்ளி நின்று அடியுங்கள்." இவருக்கு அது விளங்கிவிட்டது. கடைசி நாள் பந்து வேலிக்கு உள்ளேயே நின்றது.

மத்தியானச் சாப்பாட்டில் ஃபுங்கி என்று ஒன்று வந்தது. சோள மாக் களி, உள்ளே வெண்டிக்காய். இவர் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மாட ஒடியல் களி மாதிரி" என்றார். நிறம்தான் வேறு.

மழையைப் பற்றித் தம்பி எழுதவில்லை. வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே ஐந்து நிமிசம் கொட்டும், உடனே நிற்கும். ஓடி ஒளிய வேண்டாம், கோர்ட்டடியில் நின்று கதைத்தால் போதும். பெரிய ரப்பர் தள்ளியால் தண்ணியைத் தள்ளிவிடுவார்கள், கால் மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். கோடுகள் மட்டும் கனநேரம் வழுக்கும். நான் விழுந்தது அப்படித்தான்.

கோவைக்காரன்:

எல்லா இடமும் இப்படி இருக்காதுங்க. நானும் ஒன்று சொல்கிறேன்.

மகள் கிரெனடாவில் மருத்துவம் படிக்கிறாள், செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகத்தில். பார்க்கப் போனபோது ஒரு குடும்ப விடுதியில் பத்து நாள். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். இணையத்தில் 'டென்னிஸ் கோர்ட் உண்டு' என்று போட்டிருந்தது. உண்டுதான். நடுவில் ஒரு விரிசல், அதில் புல். வலையை இறுக்குகிற கைப்பிடி உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிட்டதால், வலை நடுவில் தொங்கிப்போய், துணி காயப்போடுகிற கொடி மாதிரி இருந்தது. வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். "ஆமாம், வருஷா வருஷம் சொல்கிறார்கள்" என்றார், சிரித்துக்கொண்டே. அவர் மகன் சாயங்காலம் ஒரு டப்பா எண்ணெயும் ஸ்பேனரும் எடுத்து வந்தான். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் போராடி வலையைத் தூக்கினோம். ஆட வெளிச்சம் இல்லை. மறுநாள் காலையில் ஆடினோம், விரிசலில் பட்டால் அந்தப் பாயின்ட் திரும்ப என்று எங்களுக்குள் ஒரு விதி.

அன்று ராத்திரி அவர்கள் வீட்டிலேயே சாப்பாடு. சீமைப்பலாவைத் தேங்காய்ப்பால், மஞ்சள் போட்டுத் தண்ணீர் வற்றும்வரை வேகவைத்த ஆயில் டவுன். எனக்கென்று தனிச் சட்டியில் மீன், உப்புக்கறி இல்லாமல் செய்திருந்தார்கள். பெரிய விடுதியில் கோர்ட் நன்றாக இருக்கும், இந்தச் சட்டி கிடைக்காது. நீங்கள் எதைப் பார்த்துப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முன்பதிவுக்கு முன்னால் ஒரு மெயில் போட்டு, கோர்ட்டை இன்றைக்கு எடுத்த படமாக ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். நான் கேட்காமல் விட்டது அதுதான்.

சும்மா படிப்பவன்:

பந்து, ராக்கெட் எல்லாம் இங்கிருந்தே கொண்டுபோக வேண்டுமா? மனைவிக்கு டென்னிஸ் சுத்தமாகப் பிடிக்காது, பத்து நாளில் எவ்வளவு ஆடினால் சண்டை வராது?

எடிசன்வாசி:

பந்து டப்பாவைப் பிரிக்காமல் பெட்டியில் போட்டுக் கொண்டுபோங்கள். தீவில் எல்லாமே கப்பலில் வருவதால் விலை அதிகம். ராக்கெட்டைக் கையிலேயே எடுத்துப் போங்கள், என் கதை தெரியும்தானே. ஓவர்கிரிப் (பிடியின் மேல் சுற்றுகிற டேப்) ஒரு நாளைக்கு ஒன்று தேவைப்படும். அந்தப் புழுக்கத்தில் இரண்டாவது செட்டில் கை வழுக்கும். ராக்கெட்டை நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள், சூட்டில் நரம்பு தளர்ந்துவிடும்.

இரண்டாவது கேள்விக்கு: காலை ஏழிலிருந்து எட்டரை. அதற்குமேல் வெயிலும் விடாது, மனைவியும் விட மாட்டார். எட்டே முக்காலுக்குக் காலைச் சாப்பாட்டு மேசையில் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தால், நீங்கள் ஆடப் போனதே கணக்கில் வராது.

அக்கா, விழுந்ததில் அடி பலமா? அண்ணனிடம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மறந்துவிட்டேன், என் ராக்கெட் பை கிடைத்துவிட்டது. நாங்கள் நியூஜெர்சி எடிசன் திரும்பி ஒன்பதாவது நாள் வாசலில் கிடந்தது, புவேர்ட்டோ ரிக்கோ தீவின் சான் ஹுவான் சீட்டோடு. என்னைவிட அது ஒரு தீவு அதிகம் பார்த்திருக்கிறது.

ஸ்கார்பரோ அக்கா:

முழங்கால் உரஞ்சினது மட்டும்தான் தம்பி. இவர் இப்ப ஸ்கார்பரோவில ஞாயிற்றுக்கிழமையில டென்னிஸ் வகுப்புக்குப் போறார். முன்கால் இன்னும் முன்னுக்குத்தான் போகுது.