விசில் அடிக்காதவரை தப்பில்லையா? ஃப்ளாக் ஃபுட்பாலில் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித்தருகிறோம்

ஃப்ரிஸ்கோ_அம்மா:
டெக்சஸில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, சனிக்கிழமை லீக்கில் ஃப்ளாக் ஃபுட்பால் ஆடுகிறான். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்கன் ஃபுட்பால்தான், ஆனால் யாரையும் கட்டிப்பிடித்துச் சாய்க்கக் கூடாது. பந்தோடு ஓடுகிறவன் இடுப்பு பெல்ட்டில் இரண்டு பக்கமும் ஒரு பட்டை தொங்கும், அதை உருவிவிட்டால் ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அணிக்கு ஐந்து பேர். உருவ வருகிறவன் கையைத் தட்டிவிடுவதோ, பட்டையைக் கையால் மறைப்பதோ ஃப்ளாக் கார்டிங், அது பெனால்டி.

எங்கள் கோச்சும் ஒரு அப்பாதான், சம்பளம் கிடையாது, பிள்ளைகளிடம் பிரியமானவர். போன வாரப் பயிற்சியில் அவர் சொல்லிக்கொடுத்ததை என் காதால் கேட்டேன்: "கை வீசி ஓடுகிற மாதிரியே முழங்கையை இடுப்புப் பக்கம் இறக்கு, ரெஃப்ரிக்கு அது ஓட்டமாகத்தான் தெரியும்." சனிக்கிழமை என் மகனே அதைச் செய்தான். எதிரணிப் பையன் கையை நீட்டினான், இவன் மணிக்கட்டால் கீழே ஒரு வெட்டு வெட்டினான். அந்தப் பையன் ஓடுவதை விட்டுவிட்டு விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான். இவன் எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன், அதாவது புள்ளி. விசில் வரவில்லை. கோச் ஓடிவந்து ஹை ஃபைவ் கொடுத்தார்.

காரில் கேட்டேன், அது ஃப்ளாக் கார்டிங்தானே என்று. "விசில் அடிக்கலையே அம்மா" என்றான். வீட்டுக்காரர், கோச் வேலையில் நீ தலையிடாதே என்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

பழைய_ரெய்டர்:
ஆமாம், பெரிதுபடுத்துகிறீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் மதுரைப் பக்கம் கபடி ஆடி வளர்ந்தவன், இப்போது சார்லட்டில் இருக்கிறேன், என் பையனும் இதே ஆட்டம்தான். அம்பயர் பார்க்காத டச்சை எந்த ரெய்டராவது தானாகப் போய்ச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? ஆடுவது ஆட்டக்காரன் வேலை, பிடிப்பது நடுவர் வேலை. இரண்டு வேலையையும் ஒரு ஒன்பது வயசுப் பையன் தலையில் ஏற்றினால் அவன் பந்தைப் பார்ப்பானா, மனசாட்சியைப் பார்ப்பானா? நம் பிள்ளைகள் ஏற்கெனவே மைதானத்தில் ரொம்பச் சாது என்று பெயர் எடுத்தவர்கள். கொஞ்சம் சாமர்த்தியமும் வரட்டுமே.

கோடுபோட்ட_சட்டை:
பேரைப் பார்த்தாலே தெரியும், கோடுபோட்ட சட்டைதான் ரெஃப்ரி உடை, நான் ரெஃப்ரி வீட்டு ஆள். ஆடுகளத்தில் நிற்பது நான் அல்ல, என் பெண். வயது 15. இந்த மாதிரி ஊர் லீக்குகளில் பல இடங்களில் விசிலோடு நிற்பது ஹைஸ்கூல் பிள்ளைகள்தான், முதல் சம்பளம் என்று ஆசையாக வருகிறார்கள். சின்ன வயதுப் பிரிவில் சில சமயம் மைதானத்துக்கு ஒரே ரெஃப்ரி. அவள் ஒரே நேரத்தில் பாஸ் போடுகிறவனுக்கு ஏழு நொடி எண்ண வேண்டும், எதிரணியில் பாய வருகிறவன் ஏழு யார்டு தள்ளி நின்று கிளம்பினானா என்று பார்க்க வேண்டும், பட்டை எந்த இடத்தில் உருவப்பட்டது என்று குறிக்க வேண்டும். இதற்கு நடுவே பின்பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு மணிக்கட்டு வெட்டு. தெரியாது என்று தெரிந்துதானே அந்த கோச் அதைத் தேர்ந்தெடுத்துச் சொல்லித்தருகிறார்? "நடுவர் வேலை" என்று சொல்கிறவர்கள், அந்த நடுவர் பத்தாம் வகுப்புப் பிள்ளை என்பதை மறந்துவிடுகிறீர்கள். ரெய்டர் அண்ணே, உங்கள் கபடி அம்பயருக்கு எத்தனை வயது?

பழைய_ரெய்டர்:
வயசைக் காட்டி வாயை அடைக்கிறீர்கள். சரி, உங்கள் பெண் பாவம், ஒத்துக்கொள்கிறேன். அது லீக் நடத்துகிறவர்கள் செய்யும் கோளாறு. ரெஃப்ரி பத்தவில்லை என்றால் கூட ஒரு ஆளைப் போடட்டும்.

ஞாயிறு_கோச்:
நியூஜெர்சியில் பத்து வயதுக்குள் உள்ள ஒரு அணிக்கு நான் கோச். இரண்டு பக்கமும் கொஞ்சம் அவசரப்படுகிறீர்கள்.

முதலில், ஃப்ளாக் கார்டிங்கில் பெரும்பகுதி வேண்டுமென்றே நடப்பதில்லை. பிள்ளைகள் டிவியில் என்எஃப்எல், அதாவது பெரியவர்கள் இடித்துச் சாய்த்து ஆடும் தொழில்முறை லீக், பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே பந்தை விலாவோடு அணைத்து முழங்கையைக் கீழே இறக்கி ஓடுவார்கள், ஏனென்றால் எதிராளி பந்தைத் தட்டிப் பறிப்பான். ஃப்ளாக்கில் பந்தைப் பறிக்கவே கூடாது, கீழே விழுந்தாலும் அத்தோடு ஆட்டம் நின்றுவிடும், ஆகவே அப்படி அணைக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் அந்தப் பழக்கத்தில் முழங்கை சரியாகப் பட்டைக்கு மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ரெஃப்ரி பெனால்டி கொடுத்தால் பையன் விழிப்பான், அப்பா கத்துவார். என் அணியிலும் இது வாராவாரம் நடக்கிறது.

ஆகவே அம்மா சொன்ன கோச் உண்மையிலேயே என்ன சொன்னார் என்பதைத் தீர விசாரிக்க வேண்டும். "கை வீசி ஓடு" என்பது மட்டும் என்றால் நியாயம். கை வீசாமல் யாராலும் ஓட முடியாது.

ஃப்ரிஸ்கோ_அம்மா:
கோச் சார், "ரெஃப்ரிக்கு ஓட்டமாகத்தான் தெரியும்" என்பதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். ஓடச் சொல்லித்தருகிற ஆளுக்கு அந்த வாக்கியம் எதற்கு?

ஞாயிறு_கோச்:
அந்த வாக்கியம் எனக்கும் பிடிக்கவில்லை. அதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று முத்திரை குத்திவிடாதீர்கள் என்கிறேன். வார நாளில் ஆபீஸ் முடித்து ஓடிவந்து பத்துப் பிள்ளைகளை மேய்ப்பது சாதாரணமில்லை.

சேப்பாக்கம்_கேலரி:
சென்னையிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். இந்த ஆட்டம் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வருகிறது என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது, 2023 அக்டோபரில் ஒலிம்பிக் கமிட்டி மும்பையில் கூடித்தான் அதை முடிவு செய்தது, கிரிக்கெட்டும் அதே பட்டியலில் வந்ததால் நம்மூர்ப் பேப்பர்கள் அதை மட்டும்தான் எழுதின. அது கிடக்கட்டும்.

நான் கேட்பது இது. 2019 ஐபிஎல்லில் ஜெய்ப்பூரில் நம்ம அஸ்வின் பட்லரை பந்து போடும் முனையில் ரன் அவுட் செய்தாரே, அப்போது உலகமே ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் என்று பாடம் எடுத்தது. நாம் எல்லோரும் என்ன சொன்னோம்? "ரூல் புக்கில் இருக்கிறது, அதனால் தப்பில்லை" என்றுதானே? கடைசியில் 2022-இல் கிரிக்கெட் விதிகளை எழுதுகிற எம்சிசியே அந்த விதியை நியாயமற்ற ஆட்டம் என்ற பகுதியிலிருந்து தூக்கி ரன் அவுட் பகுதியில் வைத்தது. அன்றைக்கு அஸ்வினுக்கு ஒரு நியாயம், இன்றைக்கு இந்த கோச்சுக்கு வேறு நியாயமா?

பழைய_ரெய்டர்:
அப்படிப் போடு! இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

கோடுபோட்ட_சட்டை:
அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள் அண்ணே, அந்த உதாரணம் உங்களுக்கு எதிராகத்தான் போகிறது. அஸ்வின் செய்தது விதிக்கு உட்பட்டது. மைதானமே பார்க்க, நடுவரிடம் அப்பீல் கேட்டுச் செய்தார், அவர் தீர்ப்புச் சொன்னார். மறைக்க ஒன்றுமில்லை. இந்த கோச் சொல்லித்தருவது விதியில் தடுக்கப்பட்டது, ரெஃப்ரிக்குத் தெரியாமல் இருந்தால்தான் பலிக்கும். சின்ன ஸ்டம்ப்பிங் ஆனாலும் சரி, பெரிய சிக்ஸர் ஆனாலும் சரி, நடுவரிடம் "இதோ செய்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் செய்ய முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் அது சாமர்த்தியம். மணிக்கட்டு வெட்டை அப்படிச் செய்ய முடியுமா?

இன்னொன்று. ஆட்டத்தில் தந்திரத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பந்தைக் கொடுப்பது போலக் காட்டிக் கொடுக்காமல் இருப்பது, கண்ணை ஒரு பக்கம் வைத்துப் பாஸை மறுபக்கம் போடுவது, ஓடிக்கொண்டே இடுப்பை வளைத்து ஒரு சுற்று சுற்றுவது, எல்லாம் ஏமாற்றுதான், எதிரணியை ஏமாற்றுவது. அதற்கு என் பெண்ணே வாய்விட்டுச் சிரிப்பாள். ரெஃப்ரியை ஏமாற்றுவது அந்தக் கணக்கில் வராது.

சேப்பாக்கம்_கேலரி:
ம்ம். எதிரணியை ஏமாற்றுவது, நடுவரை ஏமாற்றுவது, இரண்டையும் பிரிப்பது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரிக்கெட்டில் பேட்டில் உரசிய பந்துக்கு நடுவர் தலையாட்டாவிட்டால் அப்படியே நிற்கிறார்களே, அதை என்ன செய்வீர்கள்? 2003 உலகக் கோப்பை அரையிறுதியில் கில்கிறிஸ்ட் தானாக நடந்து போனார், அதை இன்றுவரை அதிசயமாகப் பேசுகிறோம் என்றால் மற்றவர்கள் நிற்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

கோடுபோட்ட_சட்டை:
நிற்பது வேறு, நிற்கப் பயிற்சி கொடுப்பது வேறு. தன்னையறியாமல் பட்ட கையை ஒரு பையன் சொல்லாமல் விட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், ஒன்பது வயதில் நானும் சொல்லியிருக்க மாட்டேன். பயிற்சி நேரத்தில் கூம்பு வைத்து, வரிசையில் நிறுத்தி, மறைத்து வெட்டுவது எப்படி என்று பழக்குகிறார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

அட்லாண்டா_அக்கா:
என் மகள் ஜார்ஜியாவில் ஹைஸ்கூல் ஃப்ளாக் ஆடுகிறாள். இங்கே 2020-இலிருந்து பெண்களுக்கு இது முறையான பள்ளி விளையாட்டு. நீங்கள் எல்லோரும் நியாயம் பேசுகிறீர்கள், எனக்கு விரல்தான் கண்ணில் படுகிறது. இந்த ஆட்டத்தில் மண்டை உடைவது அபூர்வம். அதனால்தான் 2015-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பே இடித்துச் சாய்க்காத லீக்குகளைப் பெருக்கச் சொன்னது, நம் வீட்டுப் பிள்ளைகளை நாம் தைரியமாக அனுப்புவதும் அதனால்தான். ஆனால் விரல் சுளுக்கு சர்வ சாதாரணம். பாக்கெட் வைத்த ஷார்ட்ஸ் போடக்கூடாது என்று ஏன் விதி வைத்திருக்கிறார்கள்? பட்டையை உருவ வருகிற விரல் பாக்கெட்டில் மாட்டி முறியும் என்பதால். பாக்கெட் இருந்தால் டேப் ஒட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். விரலுக்காக இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, அதே விரலை மணிக்கட்டால் வெட்டச் சொல்லிக்கொடுத்தால் எப்படி? அந்தப் பையன் விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று எழுதினீர்களே, எனக்கு அங்கேயே மனசு நின்றுவிட்டது. அவன் அம்மாவும் எங்கேயோ சைட்லைனில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள்.

பழைய_ரெய்டர்:
விரல் விஷயம் சரி. அடிபடுகிற மாதிரி வெட்டக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கையை இறக்கி மறைப்பதில் யாருக்கும் அடி இல்லையே? கேட்கிறேன், எதிரணி எல்லாம் இதைச் செய்கிறபோது நம் பையன் மட்டும் யோக்கியனாக ஓடித் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டுமா? தோற்றுக்கொண்டே இருக்கிற பிள்ளை அடுத்த சீசன் பெயர் கொடுக்குமா? எல்லா அணியும் ஒழுங்காக இருந்தால் நானும் ஒழுங்கு.

ஞாயிறு_கோச்:
ரெய்டர் அண்ணே, இங்கேதான் உங்களோடு எனக்கு ஒத்துவரவில்லை. நியாயத்தை விடுங்கள், ஆட்டக் கணக்காகவே பாருங்கள். கையை நம்பி ஓடப் பழகிய பையனுக்கு இடுப்பை உபயோகிக்கத் தெரியாது. சின்ன வயதில் விசில் இல்லாமல் தப்பிப்பான். மேலே போகப் போக ரெஃப்ரிகள் இரண்டு, மூன்று பேர் ஆவார்கள், ஃப்ளாக் கார்டிங்கைத்தான் முதலில் தேடுவார்கள், தவறு நடந்த இடத்திலிருந்தே பின்னுக்கு இழுப்பார்கள், 5 யார்டோ 10 யார்டோ லீக்கைப் பொறுத்து. அதற்கப்புறம் அவன் ஓடியது எல்லாம் வீண். டச்டவுன் அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பெனால்டிக்கு ரெஃப்ரி வீசிய மஞ்சள் துணி கிடக்கும். நாற்பது யார்டு ஓடி, கோட்டைத் தாண்டி, ஒன்றுமில்லை என்று ஆன பையன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

"எதிரணி எல்லாம் செய்கிறது" என்பதற்கும் வழி இருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு கோச்சும் ரெஃப்ரியும் நின்று பேசுவோம் இல்லையா, அங்கே அமைதியாக "இன்றைக்குக் கை இறங்குவதைக் கொஞ்சம் பாருங்கள், எங்கள் பிள்ளைகளையும் சேர்த்து" என்று சொன்னால் போதும். கடைசி மூன்று வார்த்தை முக்கியம், அது இல்லாவிட்டால் அது புகார் ஆகிவிடும்.

கோடுபோட்ட_சட்டை:
அதைச் சொல்லுங்கள், தயவுசெய்து. சைட்லைனிலிருந்து "ரெஃப், கண்ணு தெரியலையா" என்று ஒரு ஐம்பது வயது ஆள் கத்தினால் என் பெண் அடுத்த நான்கு ஆட்டத்துக்கு விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு ஊதாமல் நிற்கிறாள்.

ஃப்ரிஸ்கோ_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. எங்கள் லீக்கில் ஆட்டம் முடிந்து 24 மணி நேரத்துக்குள் கோச்சிடம் குறை பேசக் கூடாது என்று விதி இருக்கிறது, அது நல்ல விதிதான், சனிக்கிழமையே பேசியிருந்தால் சண்டையாகியிருக்கும். நேற்று போன் செய்தேன். விரலைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். "அடிபட்டதா?" என்று பதறினார். அப்புறம் அந்த வாக்கியத்தைப் பற்றிக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எல்லா டீமும் செய்றாங்க மேம்" என்றார், ரெய்டர் அண்ணன் சொன்ன அதே வார்த்தை. சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வியாழன் பயிற்சியில் என்ன செய்கிறார் என்று பார்க்கிறேன். மகனிடம் நான் ஒன்றுதான் சொன்னேன்: பட்டையை உருவினவனிடம் கை நீட்டி அதை வாங்கி மாட்டிக்கொள்கிறாயே, அவனை அடித்த கையால் எப்படி வாங்குவாய் என்று. அவனுக்கு அது புரிந்த மாதிரி இருந்தது, வீட்டுக்காரருக்குத்தான் இன்னும் புரியவில்லை.

ஞாயிறு கோச் சார், கையை இறக்காமல் ஓட வைக்க ஏதாவது பயிற்சி இருந்தால் சொல்லுங்கள், வீட்டுப் பின்புறத்திலேயே செய்கிறோம்.

ஞாயிறு_கோச்:
பந்தை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராக, கட்டைவிரல் தோள்பட்டை உயரத்தில் இருக்கும்படி பிடிக்கச் சொல்லுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், முதலில் சிணுங்குவான். நீங்களும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்து பட்டையை உருவப் பாருங்கள், அவன் நடுவில் ஓட வேண்டும். கை நெஞ்சை விட்டு இறங்கினால் அந்த முறை செல்லாது. வேறு வழியில்லாமல் இடுப்பைத் திருப்பத் தொடங்குவான். திரும்பலாம், சுற்றலாம், தாவக் கூடாது, பெரும்பாலான லீக்கில் உருவுவதிலிருந்து தப்பிக்கத் தாவுவதும் பெனால்டி. சட்டையை உள்ளே செருகிவிடுங்கள், பட்டையை மூடினால் அதுவும் கார்டிங் கணக்கில்தான் வரும்.

பழைய_ரெய்டர்:
வீட்டுக்காரர் முட்டி போட்டு உட்கார்வாரா என்பதுதான் கேள்வி. பயிற்சி நன்றாக இருக்கிறது, என் பையனுக்கும் செய்யப் போகிறேன், இடுப்பு வளைந்தால் நல்லதுதானே. ஆனால் கடைசி நிமிஷம், இரண்டு புள்ளி பின்னால், ஒரே ஒருத்தன் குறுக்கே கை நீட்டுகிறான் என்றால் என் பையன் கை எங்கே போகும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். உங்கள் கோச் யாராவது தன் பக்கம் பேசினார்களா என்று கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள்.